ஃபோர்மேனின் சிவப்புப் பென்சிலும் எஸ்தர் அக்காவின் குரலும்

எனக்கு முப்பத்தேழு வயதில் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். நான் கேட்டு வாங்கவில்லை. தங்கச் சுரங்கத்தை மூடினார்கள், நான் அதற்குள் இருந்தேன், அவ்வளவுதான். இரண்டாயிரத்து ஒன்றில் என்னோடு மேலே வந்தவர்களில் அறுபதை நெருங்கியவர்களும் உண்டு, கைக்குழந்தைக்காரர்களும் உண்டு. எல்லோருக்கும் ஒரே நாளில் வயதாகிவிட்டது. ஓய்வுபெற்ற தொழிலாளி என்ற சொல்லுக்கேற்ற நரை எனக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறது.

இதை எழுதவைத்தது ஒரு கைபேசி. எங்கள் ஊரிலிருந்து தினமும் ரயிலேறி பெங்களூரு போய்வருகிறவர்களில் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்பீக்கர் பெட்டி செய்கிறார்கள். போன மாதம் அவர்களில் ஒருவர் பெட்டியின் முன்னால் கைபேசியை நீட்டினார். திரையில் ஒரு கோடு மலைத்தொடராய் ஏறி இறங்கி ஓடியது. பெட்டி எந்தச் சத்தத்தில் கத்துகிறது, எதில் முனகுகிறது, எதை விழுங்குகிறது, எல்லாம் அரை நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

"உங்க காலத்துல இத எப்படி சார் பார்த்தீங்க?"

"ஆடு வெச்சு," என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். நான் உண்மையைத்தான் சொன்னேன்.

ஐ.டி.ஐ. இரண்டு வருடம், அப்ரண்டிஸ் ஒரு வருடம், பிறகு ஷாஃப்ட் சிக்னல் பிரிவில் எலக்ட்ரீஷியன். பயிற்சிக் காலத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டீ வாங்கினேன், ஏணி பிடித்தேன், ஷாக் அடித்தால் முகத்தில் காட்டிக்கொள்ளாமல் இருக்கக் கற்றேன். வேலை என்று நான் கற்றதெல்லாம் மோசஸ் ஃபோர்மேனிடம்.

எங்கள் வேலை மணி. ஷாஃப்ட் என்பது பூமிக்குள் செங்குத்தாய் இறங்கும் கிணறு. அதில் எத்தனையோ ஆயிரம் அடி ஆழத்தில் ஆட்கள் கேஜ் என்கிற கூண்டில் ஏறி நின்று மணியடிப்பார்கள். மேலே எஞ்சின் வீட்டில் கயிறு இழுக்கும் டிரைவருக்கு அது கேட்கும். மூன்று மணி என்றால் ஆட்கள் ஏறியிருக்கிறார்கள், பார்த்து இழு என்று பொருள். அந்தக் கைக்கும் இந்தக் காதுக்கும் நடுவில் இருட்டில் தொங்கிக்கொண்டிருந்த ஒயர் எங்களுடையது. ஒருமுறை யாரோ பிளஸ் மைனஸை மாற்றிக் கொடுத்துவிட்டதில் மேலே மணி ஊமையாகிவிட்டது. ஒரு கேஜ் நிறைய ஆட்கள் இரண்டு லெவலுக்கு நடுவில் முக்கால் மணி நேரம் தொங்கினார்கள். அன்றிலிருந்து எங்கள் பிரிவுக்கு ஒரே வேதம். பிளஸ் பிளஸுக்கு, மைனஸ் மைனஸுக்கு.

அந்த வேதத்தின் போதகர் மோசஸ் ஃபோர்மேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. ஏதாவது பேனலில் கோளாறு என்றால் மூடியைத் திறக்கச் சொல்லுவார், திறந்ததும், "கைய பாக்கெட்ல போடு," என்பார். போடவேண்டும். ஒரு நிமிடம் முழுதாக, ஒன்றையும் தொடாமல், கண்ணால் மட்டும் பார்க்கவேண்டும். அவரும் பக்கத்தில் பாக்கெட்டில் கைவிட்டு நிற்பார். இரண்டு பேர் பஸ்ஸுக்கு நிற்கிற மாதிரி இருக்கும். அந்த நிமிடத்துக்குள் பாதிக் கோளாறுகள் தாமாகவே கண்ணில் பட்டுவிடும். மீதிப் பாதிக்கு பர்மிட் எழுதுவார். எந்த ஒயரைக் கழற்றப்போகிறோம், ஏன், யார் கழற்றுகிறார், யார் பார்த்துக்கொண்டிருக்கிறார், இரண்டு கையெழுத்து. சட்டைப்பையில் ஒரு சிவப்புப் பென்சில். டிராயிங்கில் தவறு இருந்தால் சிவப்பில் அடித்துத் திருத்தி, ஓரத்தில் எம். என்று ஒரெழுத்து போடுவார். அந்த எம். விழுந்துவிட்டால் மானேஜர்கூட மறுகேள்வி கேட்கமாட்டார்.

தொண்ணூறுகளில் எங்கள் ஊருக்கு ஒரு காய்ச்சல் வந்தது. தொழிலாளர்களின் லைன் வீடுகளில் ஆளுக்காள் ஸ்பீக்கர் பெட்டி செய்தார்கள். பலகை, வெடிமருந்து வந்த பெட்டிகளைப் பிரித்தது. கண்டென்சர், மின்விசிறியில் இருந்து கழற்றியது. சுருள், பிளாஸ்டிக் குழாயை வெட்டி அதன்மேல் செம்புக் கம்பியைச் சுற்றியது. ஸ்பீக்கர் மட்டும் ராபர்ட்சன்பேட்டைக் கடைகளில் பேரம் பேசி வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஒரு லைனில் நான்கு பாட்டுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு ஓடும். பூமிக்கடியில் வாரம் முழுவதும் டிரில் சத்தத்தில் காது அடைத்துப்போன மனிதர்கள் மேலே வந்து இன்னும் பெரிய சத்தத்தை ஏன் செய்தார்கள் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. நானும் செய்தேன்.

ஸ்கெலட்டன் என்ற லைனில் ஒரு மேஸ்திரி வீட்டுக்கு ஃபோர்மேனும் நானும் போனோம். இரண்டு பெட்டிகள், ஒவ்வொன்றிலும் பன்னிரண்டு அங்குல ஸ்பீக்கர், ஆனால் பேஸ் என்கிற அடிச்சத்தம் இல்லை. மேஸ்திரி பெட்டிக்குள் தலையணை வைத்துப் பார்த்திருக்கிறார். பின்னால் ஓட்டை போட்டுப் பார்த்திருக்கிறார். பெட்டியைச் செங்கல்மேல் ஏற்றியிருக்கிறார். ஃபோர்மேன் கையை பாக்கெட்டில் விட்டு ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு ஒரு டார்ச் பேட்டரியை எடுத்து முதல் பெட்டியின் ஒயரில் தொட்டார். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு முன்னால் துள்ளியது. இரண்டாவது பெட்டியில் தொட்டார். உள்ளே போனது.

"மேஸ்திரி, ஒண்ணு வாங்கன்னுது, இன்னொண்ணு போங்கன்னுது. நடுவுல குந்திகினு பேஸ் எங்கன்னு கேட்டா எப்படி?"

ஒரு பெட்டியின் ஒயரை மாற்றிப் போட்டார். பாட்டு வைத்ததும் அலமாரியிலிருந்து ஒரு எவர்சில்வர் டம்ளர் கீழே விழுந்தது.

"முன்னாடியே நல்லாத்தான் இருந்துச்சு," என்றார் மேஸ்திரியின் மனைவி.

திரும்பும் வழியில் ஃபோர்மேன் சொன்னார்: "பாத்தியா ரத்தினம். ஷாஃப்ட்டா இருந்தாலும் சரி, ஸ்பீக்கரா இருந்தாலும் சரி. பிளஸ் பிளஸுக்கு." நான் அதை நெஞ்சில் எழுதிக்கொண்டேன். அதுதான் பின்னால் எங்களைக் கவிழ்த்தது.

அந்த வருடம் அவருடைய சபையில் கோயிலை நீட்டிக் கட்டினார்கள். பின்பெஞ்சுக்குப் பிரசங்கம் எட்டவில்லை என்று புகார். "பொட்டி நான் தரேன்," என்றார் ஃபோர்மேன். நான் முனியப்பன் கோயிலுக்குப் போகிறவன், ஆனாலும் சுருள் சுற்ற என்னைத்தான் கூப்பிட்டார். யாரோ ஒரு எலக்ட்ரானிக்ஸ் பத்திரிகையிலிருந்து கிராஸ்ஓவர் படத்தை ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்திருந்தார்கள். கிராஸ்ஓவர் என்பது ஒரு கேட் கீப்பர். கனத்த சத்தத்தை வூஃபர் என்கிற பெரிய ஸ்பீக்கருக்கும், கூர்மையான சத்தத்தை ட்வீட்டர் என்கிற சின்ன ஸ்பீக்கருக்கும் பிரித்து அனுப்பும். ஒவ்வொரு பாதையிலும் ஒரு சுருள், ஒரு கண்டென்சர்.

ஃபோர்மேன் படத்தை மேசைமேல் விரித்தார். நாங்கள் இருவரும் கையை பாக்கெட்டில் விட்டுப் பார்த்தோம். வூஃபருக்கு பிளஸிலிருந்து பிளஸ். சரி. ட்வீட்டருக்கு மட்டும் பிளஸிலிருந்து மைனஸுக்குக் கோடு போயிருந்தது.

"பிரிண்டிங் மிஸ்டேக்," என்றார்.

"ஆமாங்க சார்," என்றேன். நான் தலையாட்டியதையும் இங்கே எழுதிவைக்க வேண்டும். சிவப்புப் பென்சில் வந்தது. இரண்டு கோடுகளையும் அடித்து, நேராக்கி, ஓரத்தில் எம். போட்டார். பத்திரிகைக்காரர்களின் கவனக்குறைவைப் பற்றி டீ குடித்துமுடிக்கும்வரை பேசினோம்.

பெட்டிகள் ஏறின. முதல் ஞாயிறு போதகர், "அன்பானவர்களே," என்றதும் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எல்லோரும் ஃபோர்மேனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அடுத்து எஸ்தர் அக்கா பாட எழுந்தார்.

எஸ்தர் அக்கா ஃபோர்மேனின் மனைவி. பதினெட்டு வருடமாகக் கிறிஸ்மஸ் ஆராதனையில் தனிப்பாட்டு அவருடையது. நான் கோயிலுக்கு வெளியே சைக்கிளில் போகும்போதே கேட்டிருக்கிறேன். பெரிய குரல் இல்லை, கூர்மையான குரல். டிரில்லின் முனை பெரியதாகவா இருக்கிறது? அந்தக் குரல் சுவரைத் தொட்டு, சுவரின் மறுபக்கம் இறங்கி, தெருவில் நம்மோடு கொஞ்ச தூரம் நடந்துவரும். அன்றைக்கு மைக்கின் முன் அவர் பாடியபோது நான்கு கம்பளிக்கு அடியிலிருந்து யாரோ பாடுவதுபோல் இருந்தது.

பாடகர் குழுவை நடத்தியவர் சாலமன் மாஸ்டர். நல்லவர், மென்மையாகக் கொல்லுவார்.

"அக்கா, தொண்ட கட்டியிருக்கா?" என்றார் முதல் வாரம். இரண்டாம் வாரம் மிளகுப் பாலும் பனங்கற்கண்டும் சிபாரிசு செய்தார். மூன்றாம் வாரம் செருப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "எல்லாருக்கும்தான் அக்கா வயசாகுது. இந்த வருஷம் பிரிஸில்லா பாடட்டுமே. சனிக்கிழமை ஒத்திகையில ரெண்டு பேரையும் கேட்டு முடிவு பண்ணிக்கலாம். மைக்லதான் பாடணும். பொட்டி இவ்ளோ நல்லா கீது, மைக் இல்லாம பாடினா ஃபோர்மேன் மனசு கஷ்டப்படும் பாருங்க."

குழுவில் இருந்த பிரிஸில்லாவுக்கு வெல்லப்பாகுக் குரல். தடித்து, இறங்கி, மெதுவாக வழியும். அந்தப் பெட்டிகள் அதைக் கேட்டதும் பூனையாய்க் குழைந்தன.

எஸ்தர் அக்கா பாடுவதை நிறுத்தினார். பிறகு பேசுவதையும் நிறுத்தினார். செவ்வாய்க்கிழமை ஃபோர்மேன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். அவர் முகம் மழையில் நின்ற டிராயிங்காக இருந்தது.

"வீட்ல சத்தமே இல்ல ரத்தினம். எல்லாம் தட்டுதான்."

"தட்டா?"

"ஒரு தட்டு தட்டினா சாப்பாடு ரெடி. ரெண்டு தட்டினா பேத்தமங்களா ஏரித் தண்ணி கொழாயில வந்துடுச்சு."

"மூணு தட்டினா?"

"ஆள் வந்திருக்கு. மூணு எப்பவும் ஆளுங்கதானே." பென்சிலை எடுத்து மறுபடி பையில் வைத்தார். "ராத்திரி சாப்பிடும்போது நான் கேட்டேன், 'இன்னா எஸ்தர், உனக்கே குரல் போயிடுச்சுன்னு தோணுதா?' தலைய ஆட்டினா. ஆமான்னு ஆட்டினா. பதினெட்டு வருஷம் பாடினவ. ரத்தினம், அந்தப் பொட்டியில ஏதாவது கீதா பாரு. நான் பாத்தேன், எனக்கு ஒண்ணும் தெரியல. எல்லாம் கரெக்ட்டா கீது."

சனிக்கிழமைக்கு நான்கு நாள்.

அறைக்குள் பெட்டியை அளக்கக்கூடாது. சுவர் திருப்பிப் பேசும், எது பெட்டி, எது சுவர் என்று தெரியாது. சுவரில்லாத இடம் எங்கள் ஊரில் ஒன்றுண்டு. தங்கத்தைப் பிரித்த பிறகு கொட்டிய மண், சாம்பல் நிறத்தில் மலைமலையாகக் கிடக்கும். சயனைட் மேடு என்போம். ஒரு மரம் கிடையாது, ஒரு செடி கிடையாது, வானம் மட்டும் இருக்கும். புதன்கிழமை பகலில் ஒரு பெட்டியையும் லாரி பேட்டரியையும் ஆம்ப்ளிஃபயரையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். இன்ஸ்ட்ருமென்ட் பிரிவிலிருந்து ஆசிலேட்டர் ஒன்று. அது எந்தச் சுருதி வேண்டுமோ அந்தச் சுருதியில் கூவும். அதை வாங்க ஃபோர்மேன் பர்மிட் எழுதிக் கொடுத்திருந்தார், காரணம் என்ற இடத்தில் 'குடும்பம்' என்று போட்டு.

பெட்டியை மல்லாக்கப் படுக்கவைத்தேன், வாய் வானத்தைப் பார்க்க. மூன்று மூங்கிலைக் கூடாரமாகக் கட்டி நடுவில் மைக்கைத் தொங்கவிட்டேன். மைக்கின் மறுமுனை பழைய டேப் டெக், அதன் முகத்தில் சத்தத்துக்கு ஆடும் முள். நொடிக்கு நூறு அதிர்வில் ஆரம்பித்து ஆசிலேட்டரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன், முள் நின்ற இடத்தைக் கிராஃப் தாளில் புள்ளிவைத்தேன். மேட்டின் அடியில் ஆடு ஓட்டிப்போன கன்னடக்காரர் ஒருவர் ஆடுகளோடு ஏறிவந்துவிட்டார்.

"ஏனு சார் இது?"

"டெஸ்டிங்."

பெட்டியைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "மளெ பருத்தா?"

"மழைக்கு இல்ல பெரியவரே. ஒரு அம்மா குரலுக்கு."

ஆட்டுக்காரர் உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். ஆடுகளும் சுற்றி நின்றன. ஐந்நூறில் ஆடுகள் தலைதூக்கின. ஆயிரத்தில் காதைத் திருப்பின. ஆயிரத்தைந்நூறில் ஒரு கிடா பதில் சொன்னது. இரண்டாயிரத்தைத் தாண்டியதும் முள் சரிந்தது. இரண்டாயிரத்தைந்நூறில் படுத்தேவிட்டது. ஆடுகள் ஆர்வமிழந்து என் கிராஃப் தாளைத் தின்ன வந்தன. நாலாயிரத்தில் முள் மறுபடி எழுந்தது, ஆடுகள் மறுபடி திடுக்கிட்டன. தாளில் பார்த்தேன். சமவெளியின் நடுவே செங்குத்தாய் ஒரு ஷாஃப்ட் இறங்கியிருந்தது. எஸ்தர் அக்காவின் குரல் எதனால் சுவர் தாண்டியதோ, அந்தக் கூர்மை முழுக்க அந்தக் குழிக்குள் விழுந்துகொண்டிருந்தது. பிரிஸில்லாவின் வெல்லப்பாகு குழிக்கு இந்தப் பக்கத்திலேயே சுகமாக வழிந்தது.

கண்டென்சரை மாற்றினேன். குழி அப்படியே. சுருளில் இருபது சுற்று பிரித்தேன். குழி கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தது, மூடவில்லை. வேறொரு ட்வீட்டர் மாட்டினேன். அதே. பிறகு கையை பாக்கெட்டில் விட்டுக்கொண்டு ஒரு நிமிடம் நின்றேன். ஆட்டுக்காரரும் எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார், ஏதோ சடங்கு என்று நினைத்து.

ட்வீட்டரைக் கழற்றிவிட்டு வூஃபரை மட்டும் பாடவிட்டேன். இரண்டாயிரத்தைந்நூறில் முள் எழுந்து நின்றது. வூஃபரைக் கழற்றிவிட்டு ட்வீட்டரை மட்டும் விட்டேன். அதுவும் நின்றது. இரண்டையும் சேர்த்தேன். படுத்தது. தனித்தனியே இருவரும் வீட்டில் இருக்கிறார்கள், சேர்ந்து கூப்பிட்டால் யாருமில்லை. ஸ்கெலட்டன் மேஸ்திரி வீடு ஞாபகம் வந்தது. ஒன்று வாங்க, ஒன்று போங்க. ஆனால் இங்கே பிளஸ் பிளஸுக்குத்தானே போயிருக்கிறது?

வேறு வழியில்லாமல் ட்வீட்டரின் இரண்டு ஒயரையும் மாற்றிப் போட்டேன். போடும்போது முதுகுக்குப் பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டேன், ஃபோர்மேன் இல்லாத இடத்தில்கூட. ஆசிலேட்டரைத் திருப்பினேன். முள் துள்ளியது. எல்லா ஆடுகளும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தன.

ஜெராக்ஸை விரித்தேன். சிவப்புக்கு அடியில் பத்திரிகைக்காரர்கள் வரைந்த கோடு மங்கலாகத் தெரிந்தது. நான் இப்போது போட்டதைத்தான் அவர்கள் முதலிலேயே வரைந்திருந்தார்கள்.

அதன் காரணத்தை அன்று மாலைதான் தாளில் போட்டுப் பார்த்துப் புரிந்துகொண்டேன். அந்த வகைக் கிராஸ்ஓவரில், சத்தம் பிரிகிற இடத்தில் வூஃபருக்குப் போகும் மின்சாரம் கால் சுற்று பின்தங்கும், ட்வீட்டருக்குப் போவது கால் சுற்று முந்தும். இரண்டுக்கும் நடுவில் அரைச் சுற்று. ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். தாளில் இது எளிது. ஃபோர்மேனிடம் இதைச் சொல்வது வேறு விஷயம். இருபத்தேழு வருடத்தில் அந்த எம். என்ற எழுத்து தவறியதாக யாரும் சொன்னதில்லை. சொல்லாமல் விட்டால் ஒத்திகையில் அக்காவின் பாட்டு போய்விடும். ரகசியமாக ஒயரை மாற்றிவிடலாமா என்று வியாழக்கிழமை முழுக்க யோசித்தேன். அடுத்தமுறை மூடியைத் திறந்ததும் அவர் கண்ணில் படும், அவரே மறுபடி திருத்திவிடுவார்.

வெள்ளிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் அவரிடம் கிராஃப் தாளைக் காட்டினேன். ஒரு மூலையில் ஆடு கடித்திருந்தது. அவர் குழியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எதனால?"

"ட்வீட்டர் பிளஸ் மைனஸுக்குப் போகணும் சார்."

"போகக்கூடாது."

"எஞ்சின் வீடு வரைக்கும் வரீங்களா சார்?"

வைண்டிங் எஞ்சின் வீட்டில் அந்தப் பெரிய உருளை மெதுவாகச் சுற்றிக்கொண்டிருந்தது. இரண்டு எஃகுக் கயிறுகள், இரண்டு கேஜ்கள். ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும்.

"சார், ரெண்டு கேஜையும் ஒரே உருளைதான சுத்துது. ஒண்ணு ஏன் ஏறுது, ஒண்ணு ஏன் எறங்குது?"

"இன்னா கேள்வி இது. ஒரு கயிறு உருளைக்கு மேல சுத்தியிருக்கு, ஒரு கயிறு கீழ சுத்தியிருக்கு."

"ரெண்டும் ஒண்ணா ஏறணும்னா?"

"ஒண்ண மாத்திச் சுத்தணும்."

சொல்லிவிட்டு நிறுத்தினார். அவர் கை தானாக பாக்கெட்டுக்குள் போனது. ஒரு நிமிடத்துக்குமேல் ஆனது. ஒரு கேஜ் மேலே வந்து நின்றது, ஆட்கள் இறங்கிப் போனார்கள், மறுபடி மணியடித்தது, உருளை மறுபக்கம் சுற்றியது.

"கிராஸ்ஓவர் உள்ளயே ஒண்ணு மேல, ஒண்ணு கீழ சுத்தி வெச்சிருக்கான்," என்றார் கடைசியில். "நான் வெளிய நேராக்கிட்டேன்."

"நாமதான் சார் நேராக்கினோம்."

"எம். போட்டது நானு."

ஜெராக்ஸை வாங்கி, சிவப்பை ரப்பரால் அழிக்கப் பார்த்தார். சிவப்புப் பென்சில் அழியாது, தாள்தான் ரோஸ் நிறத்தில் கிழிந்தது. பக்கத்தில் 'முந்தைய திருத்தம் ரத்து' என்று எழுதி, எம். போட்டார். வெறும் எம். போதாது என்று நினைத்தாரோ என்னவோ, முழுப் பெயரையும் எழுதினார்.

சனிக்கிழமை மதியம் கோயில் காலியாக இருந்தது. ஃபோர்மேனின் உத்தரவு, ஒரே ஒரு பெட்டியை மட்டும் மாற்றுவது. மற்றது பழையபடி இருக்கட்டும், ஒப்பிட்டுப் பார்க்காமல் எதையும் நம்பக்கூடாது. இடது பெட்டியை மாற்றினேன். எஸ்தர் அக்காவை அழைத்துவந்திருந்தார். அக்கா முதல் பெஞ்சில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருப்பவர்போல உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு வரி பாடு எஸ்தர்."

அக்கா தலையை அசைத்தார். இல்லை.

"ஒரு வரி."

இல்லை.

ஃபோர்மேன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். பிறகு அந்த மனிதர், பாட்டுப் புத்தகத்தைக்கூடக் குரலெடுத்து வாசித்தறியாதவர், மைக்கின் முன் போய் நின்று அக்காவின் கிறிஸ்மஸ் பாட்டைத் தாமே பாட ஆரம்பித்தார். அதை எப்படிச் சொல்வது? சுருதி ஒரு லெவலில் நின்றது, அவர் இன்னொரு லெவலில் நின்றார், நடுவில் கேஜ் இல்லை. சயனைட் மேட்டு ஆடுகள் இருந்திருந்தால் ஊரைவிட்டே போயிருக்கும். இரண்டாவது வரியில் ஏறவேண்டிய இடத்தில் இறங்கினார். மூன்றாவது வரியில், இறங்கியதைச் சரிக்கட்ட, யாரும் ஏறாத இடத்துக்கு ஏறினார்.

அக்காவின் கைப்பை கீழே விழுந்தது.

"ஐயோ, அங்க இல்லங்க," என்று எழுந்துவந்தார். அந்த வாரத்தில் முதல் பேச்சு. அவரை ஒதுக்கிவிட்டு மைக்கில் அந்த இடத்தைப் பாடிக்காட்டினார், கணவருக்குச் சொல்லிக்கொடுக்கும் எரிச்சலோடு.

இடது பெட்டியிலிருந்து அந்தக் குரல் புறப்பட்டு, நீட்டிக் கட்டிய கோயிலின் கடைசிச் சுவர்வரை போய்த் தட்டியது. அக்கா நிறுத்திவிட்டார். மறுபடி அதே வரியைப் பாடினார், மெதுவாக, வேறு யாரோ பாடுகிறார்களா என்று சோதிப்பதுபோல. நான் சுவிட்சை வலது பெட்டிக்கு மாற்றினேன். நான்கு கம்பளி. மறுபடி இடது. குரல்.

அக்கா இரண்டு பெட்டிகளையும் மாறிமாறிப் பார்த்தார்.

"யாரு பண்ணது இது?"

"நாந்தான்," என்றார் ஃபோர்மேன்.

"சரி பண்ணதா, கெடுத்ததா?"

"சரி பண்ணது ரத்தினம். கெடுத்தது நானு."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"நேத்து சாயந்திரம்."

"அப்ப இன்னும் ஒரு பொட்டி ஏன் அப்படியே கீது?"

ஒப்பிட்டுப் பார்ப்பதன் அவசியத்தைப் பற்றி ஃபோர்மேன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நான் அதற்குள் வலது பெட்டியின் மூடியைப் பாதி கழற்றியிருந்தேன்.

மாலை ஒத்திகையில் பிரிஸில்லா முதலில் பாடினார், நன்றாகவே பாடினார். அடுத்து எஸ்தர் அக்கா. முதல் வரி முடிவதற்குள் பிரிஸில்லாவே போய்த் தம் இடத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"தொண்ட சரியாயிடுச்சே அக்கா," என்றார் சாலமன் மாஸ்டர். "மிளகுப் பாலா?"

"கிறிஸ்மஸ் அன்னிக்கு அவரே சொல்லுவாரு," என்று அக்கா ஃபோர்மேன் இருந்த திசையில் கையைக் காட்டினார்.

ஃபோர்மேனுக்கு இது அப்போதுதான் தெரிந்தது.

கிறிஸ்மஸ் காலை ஆராதனைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தேன். தனிப்பாட்டுக்கு முன்னால் ஃபோர்மேன் எழுந்து மைக்குக்குப் போனார். வெள்ளைச் சட்டை, பையில் பென்சில் இல்லை. கையை பாக்கெட்டில் விட்டார், கோயில் என்று நினைவுவந்து எடுத்தார்.

"இந்தப் பொட்டியில ஒரு தப்பு இருந்துச்சு. படம் போட்டவங்க சரியாத்தான் போட்டிருந்தாங்க. நான்தான் தப்பா திருத்தினேன். எஸ்தர் குரல்ல ஒரு கொறையும் இல்ல. கொறை என் கையில. அவங்ககிட்டயும் உங்ககிட்டயும் மன்னிப்பு கேக்கறேன்."

இரண்டாயிரத்தைந்நூறில் குழி இல்லாத பெட்டிகள். ஒவ்வொரு 'ப்'பும் 'ட்'டும் தனித்தனியாகத் தெறித்துவந்து கடைசி பெஞ்சில் விழுந்தன. காது மந்தமான, சுரங்கத்தில் மரமுட்டு கொடுத்த பழைய டிம்பர்மேன் ஒருவர் என் பக்கத்தில் இருந்தார். "மோசஸா தப்பு பண்ணான்?" என்று சத்தமாகவே கேட்டார்.

எஸ்தர் அக்கா எழுந்துபோனார். மைக்கைக் கையில் எடுத்தார், அதன் சுவிட்சை அணைத்தார், ஸ்டாண்டில் வைத்தார், பாடினார். குரல் சுவர் தாண்டியது.

வெளியே கேக் கொடுத்துக்கொண்டிருந்தபோது எனக்கு மனசு கேட்கவில்லை.

"இன்னாக்கா இது. அவ்ளோ பாடுபட்டு சரி பண்ணோம். மைக்க ஆஃப் பண்ணிட்டீங்களே."

அக்கா என் தட்டில் இன்னொரு துண்டு வைத்தார்.

"எனக்கு எதுக்கு ரத்தினம்? உங்க ஃபோர்மேன் பேசறது பின்னாடி வரைக்கும் கேக்கணும்ல, அதுக்குத்தான் ரெண்டாவது பொட்டியையும் சரி பண்ணச் சொன்னேன்."